கணக்கின் அந்தரங்கம்

மலாக்கா மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் முன்னாளில் சம்பளம் போட்ட முறையைக் கண்டவர்கள், பணத்தின் அந்தரங்கம் என்பது எல்லோருக்கும் சமமாகக் கிடைத்த பாக்கியம் அன்று என்பதைத் தயங்காமல் ஒப்புக்கொள்வார்கள். ஆபீஸ் வாசலில் மேசை போட்டு, கிராணியார் செக்ரோலைப் பார்த்துப் பெயரை உரக்கக் கூப்பிட, இத்தனை நாள் வேலை, இவ்வளவு பிடித்தம், கைக்கு வருவது இவ்வளவு என்ற விவரம் வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும். சற்றுத் தள்ளி மளிகைக் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தோடும், வட்டிக்குக் கொடுத்தவர் கைக்குடையோடும் காத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களையெல்லாம் கடந்து லயத்துக்குத் திரும்புகிறவன் மடியில் மிச்சம் எவ்வளவு என்பதை, அவன் மனைவி அறிவதற்கு முன்பே தோட்டம் முழுவதும் அறிந்திருக்கும். 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டுத் தொடங்கிவைத்த அந்தத் தோட்ட யுகத்தில், பாட்டாளியின் கணக்கு இவ்வாறு பகிரங்கமாகவே இருந்து வந்தது.

அதே காலத்தில் வட்டித் தொழில் செய்த நகரத்தாரின் கிட்டங்கிகளில் நடந்த காரியமே வேறு. இன்றும் மாசி மகத்தன்று செங் சன்னாசிமலை ஆண்டவர் சந்நிதியில் விழா எடுக்கும் அந்தச் சமூகத்தாரின் முன்னோர், பெட்டியடியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்ற வரிசையில் தொழில் கற்று, பேரேட்டையும் ஐந்தொகையையும் தமிழிலேயே எழுதி, ஊரிலுள்ள முதலாளிக்கு மட்டும் விவரம் அனுப்பி வந்தார்கள். பக்கத்துப் பெட்டியில் இருப்பவர் சொந்தப் பங்காளியாகவே இருந்தாலும் இவர் பேரேட்டை அவர் புரட்ட மாட்டார். கோர்ட்டில் வழக்கு வந்தால் பேரேட்டைக் கொண்டுபோய் வைப்பார்கள். கோயில் மகமைக்குக் காட்ட வேண்டியதைக் காட்டுவார்கள். ஆனால் யாருக்கு, எப்பொழுது, எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்ற தீர்மானம் கணக்குக்கு உடையவரிடத்திலேயே இருந்தது. இதை யாரும் களவு என்று சொன்னதில்லை. தொழில் மரியாதை என்றே சொன்னார்கள்.

இந்த இரண்டு முறைகளையும் மனத்தில் வைத்துக்கொண்டால், கிரிப்டோ நாணய உலகில் இன்று நடக்கும் விவகாரம் எளிதில் விளங்கும். 2009 ஜனவரியில் தோன்றிய பிட்காயினைப் பலரும் ரகசியப் பணம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அதன் பேரேடு உலகறியத் திறந்து கிடப்பது. உங்கள் பெயர் அதில் இராது என்பது மெய்யே. ஆயினும் இன்ன முகவரி உங்களுடையது என்று ஒருவர் ஒருமுறை தெரிந்துகொண்டுவிட்டால், அந்த முகவரியில் நீங்கள் வாங்கியதும் கொடுத்ததும் கையிருப்பும் அவருக்கு வெளிச்சமாகிவிடும். இதற்கு மாறாக, 2014 ஏப்ரலில் புறப்பட்ட மொனேரோ என்ற நாணயம், பேரேட்டை எல்லோரும் சரிபார்க்கலாம், ஆனால் எவரும் படிக்க இயலாது என்ற விசித்திரமான ஏற்பாட்டைச் செய்தது. பணம் பெறுகிறவருக்கு ஒவ்வொரு முறையும் புதிய ஒருமுறை முகவரி உண்டாகிறது. அனுப்புகிறவர் செலவிடும் நாணயத்தோடு வேறு 15 பழைய நாணயங்கள் கலந்து நிறுத்தப்பட்டு, 16இல் மெய்யானது எது என்று வெளியார் பிரித்தறிய முடியாதபடி வளையக் கையொப்பம் இடப்படுகிறது. தொகையும் 2017 முதல் மறைக்கப்படுகிறது.

இந்த நாணயத்தைக் கையாளுவதற்குப் படங்களும் பொத்தான்களும் நிறைந்த செயலிகள் உண்டு. எனினும் இதன் ஸ்வபாவத்தை அறிய விரும்புகிறவர் கட்டளை வரிப் பணப்பையைத்தான் பார்க்க வேண்டும் என்று, டுரியான் துங்கலில் உள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் தங்கை மகன் வற்புறுத்தி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் மடிக்கணினியை என் முன்னே வைத்தான். கறுப்புத் திரை, அதில் மினுக்கும் ஒரு சிறு கோடு, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. "பொத்தானைத் தேடாதீங்க மாமா, நீங்க எழுதினாத்தான் அது பேசும்" என்றான். பணப்பைக்குப் பெயர் கேட்டது, கடவுச்சொல் கேட்டது, பிறகு மீட்புச் சொற்கள் எந்த மொழியில் வேண்டும் என்று ஒரு பட்டியலை நீட்டியது. ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம், சீனம் ஆகியவற்றோடு, மனிதர் செயற்கையாக இயற்றிய எஸ்பெராண்டோவும் லோஜ்பனும்கூட அதில் இடம்பெற்றிருந்தன, தமிழ் இல்லை. ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

உடனே 25 சொற்கள் திரையில் வந்து நின்றன. பணப்பை முழுவதும் அந்த 25 சொற்களில் அடங்கியிருக்கிறது. கணினி எரிந்து போனாலும் அந்தச் சொற்களை வரிசை பிசகாமல் வேறொரு கணினியில் எழுதினால் பணம் திரும்பிவிடும். 1,626 சொற்கள் கொண்ட ஓர் அகராதியிலிருந்து முதல் 24 சொற்கள் பொறுக்கப்படுகின்றன. 25ஆவது சொல் அந்த 24இல் ஒன்றே மறுபடியும் வருவதாகும். எழுதியதில் பிழை இருந்தால் காட்டிக் கொடுப்பதற்காக வைத்த காவல் அது. தொகையைச் சேர்த்தபின் கூட்டுப்புள்ளி சரிபார்க்கும் பழைய கணக்கப்பிள்ளைகள் இந்த ஏற்பாட்டைக் கண்டால் மனம் குளிர்ந்திருப்பார்கள். இவற்றை மின்னஞ்சலில் போட்டு வைக்காதீர்கள் என்று அந்தத் திரையே அடக்கமாக ஓர் எச்சரிக்கையும் செய்கிறது.

பேலன்ஸ் என்று எழுதினால் இருப்பைத் தசமப் புள்ளிக்குப் பின் 12 இலக்கம் வரை காட்டுகிறது. ரெஃப்ரெஷ் என்று எழுதினால் பேரேட்டைப் புதிதாக ஒருமுறை துழாவி, நமக்கு வந்தது எதுவும் உண்டா என்று பார்த்து வருகிறது. டிரான்ஸ்ஃபர் என்று எழுதி, 95 எழுத்துகள் கொண்ட முகவரியையும் தொகையையும் சேர்த்தால், மறுபடியும் கடவுச்சொல்லைக் கேட்டு, அனுப்பும் தொகை இவ்வளவு, கட்டணம் இவ்வளவு, சம்மதமா என்று வினவிக் காத்து நிற்கிறது. ஆம் என்று நாம் எழுதிய பிறகுதான் பணம் நகரும். நகர்ந்த பின் திரும்பாது. வந்த பணமும் பேரேட்டில் 10 கட்டங்கள் சேரும் வரை, அதாவது ஏறத்தாழ 20 நிமிஷம், செலவுக்கு உதவாது. நாங்கள் தேநீர் குடிக்கப் போய்த் திரும்பியபோது, நீங்கள் இல்லாத சமயத்தில் உங்களைக் காப்பதற்காகப் பணப்பையைப் பூட்டினேன் என்ற பொருள்பட ஒரு செய்தி திரையில் நின்றது. விரல் நுனியால் ஒருமுறை தடவியதும் பணம் பறந்துபோகும் இக்காலத்தில், ஒவ்வொரு படியிலும் நிறுத்தி யோசிக்க வைக்கும் இந்த மந்த கதியை நான் ஒரு குறையாகக் கருதவில்லை.

இந்தப் பணப்பையில் இரண்டு சாவிகள் இருக்கின்றன. செலவுச் சாவி உடையவருக்கே உரியது; பார்வைச் சாவியை அவர் விரும்பினால் தணிக்கையாளருக்கோ, வரி அதிகாரிக்கோ, தர்ம ஸ்தாபனமாயின் நன்கொடையாளருக்கோ கொடுக்கலாம். அதைப் பெற்றவர் வந்த வரவைக் காண்பார்; செலவை முழுதாகக் காணமாட்டார்; ஒரு காசையும் எடுக்க அவரால் இயலாது. ஒரு குறிப்பிட்ட தொகையை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டி வந்தால், அந்த ஒரு கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் உரிய சான்றை எடுத்துக் காட்டவும் கட்டளை இருக்கிறது. ஆகவே ஒளித்து வைப்பது மட்டுமே இதன் நோக்கம் என்பது சரியன்று. காட்டும் உரிமை உடையவரிடம் இருக்க வேண்டும் என்பதே நோக்கம்.

நிற்க. இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விடுவது நியாயம் ஆகாது. கப்பம் கேட்டுக் கணினிகளைப் பூட்டும் கயவர்களுக்கும், கள்ளச் சந்தை வியாபாரிகளுக்கும் இந்த நாணயம் உகந்ததாய் இருக்கிறது. 2020 செப்டம்பரில் அமெரிக்க வருமான வரி இலாகா, இதைத் தடம்பிடிக்கும் கருவி செய்து தருவோருக்கு 6,25,000 டாலர் வரை தருவதாக அறிவித்ததே அந்தக் கவலையின் ஆழத்தைக் காட்டும். 2024 பிப்ரவரியில் பைனான்ஸ் என்ற கிரிப்டோ பரிமாற்ற நிறுவனம் தன் சந்தையிலிருந்து மொனேரோவை நீக்கிவிட்டது. நம் நாட்டில் 2019 ஜனவரியில் வந்த ஆணை டிஜிட்டல் நாணயங்களைப் பங்குப் பத்திரங்களுக்கு உரிய சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. அவற்றின் பரிவர்த்தனையைப் பங்குப் பத்திர ஆணையம் மேற்பார்வை செய்கிறது. எந்தக் கிரிப்டோ நாணயமும் இங்கே சட்டபூர்வமான செலாவணி அன்று. தனியார் பண ஏற்பாடுகளை அரசாங்கம் ஐயத்தோடு நோக்குவதும் புதிதல்ல: தோட்டத்துப் பெண்கள் நகைக்கும் கல்யாணத்துக்கும் பிடித்து வந்த கூட்டு என்னும் சீட்டு முறை, 1971ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தடை செய்யப்பட்டது. கூட்டுப் பிடித்த அம்மாள் ஓடிப்போனால் அழுவதற்காவது ஒரு வாசல் இருந்தது. இங்கே அந்த வாசலும் இல்லை.

அபாயம் அயல் தளங்களிலிருந்து மட்டும் வருவதில்லை. 2019 நவம்பர் 18 அன்று மொனேரோவின் அதிகாரபூர்வமான தளத்திலேயே யாரோ புகுந்து, இந்தக் கட்டளை வரிப் பணப்பையை அகற்றிவிட்டு, மீட்புச் சொற்களைத் திருடி அனுப்பும் போலியை அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். அதைக் கண்டுபிடித்தது எந்தப் போலீஸ் இலாகாவும் அன்று. இறக்கிய கோப்பின் கைரேகையை, அதாவது அதன் சரிபார்ப்பு எண்ணை, வெளியிடப்பட்ட எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த ஒரு சாதாரண உபயோகிப்பாளர். பெரும்பாலோர் சோம்பித் தவிர்க்கும் இந்த ஒரு சிறு காரியத்தை அவர் செய்ததனால் பலர் தப்பினார்கள்; செய்யாத ஒருவராவது பணத்தை இழந்தார்.

என் அபிப்பிராயம் இதுதான். கூலிக்காரனாயினும் குமாஸ்தாவாயினும் ஒருவனுடைய வரவு செலவு அவனுக்கே உரிய அந்தரங்கம். அதை வேண்டுவோரையெல்லாம் குற்றவாளிகள் என்று கருதுவது பெரும் பிழை. அதற்காகச் சேமிப்பைக் கொண்டுபோய் இதில் கொட்டுவதும் பிழையே. இதன் விலை ஏறும் இறங்கும், இழந்தால் ஈடு செய்வார் இல்லை. கல்யாண வீட்டிலோ கோயில் மண்டபத்திலோ யாராவது உங்களை நெருங்கி, சேர்ந்தால் மாதம் இவ்வளவு லாபம் என்று பேசத் தொடங்கினால், அவர் எந்த நாணயத்தின் பெயரைச் சொன்னாலும் எழுந்து போய்விடுங்கள். கற்றுக்கொள்ளும் ஆசையால் செய்கிறவர்கள், போனாலும் கவலையில்லை என்னும் அளவான தொகையோடு தொடங்குங்கள். கோப்பின் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடாமல் எதையும் நிறுவாதீர்கள். 25 சொற்களைக் கைப்பேசியில் படம் பிடிக்காமல் காகிதத்தில் எழுதி வையுங்கள். இ.பி.எப். பணத்துக்கு வாரிசு நியமனம் செய்யும் நாம், அந்தக் காகிதம் இருக்கும் இடத்தையும் வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வைப்பது அவசியம். சொல்லாமல் கண்ணை மூடிவிட்டால், அந்தப் பணத்தை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது.