அமர்ந்திருத்தலே கல்வியோ?

"ஆட்டம் போடுகிறான்" என்பது நம் நாட்டில் ஒரு சிறுவன்மேற் சுமத்தும் குற்றம். "இருக்கும் இடம் தெரியாது" என்பது அவனுக்கு அளிக்கும் நற்சான்று. இவ்விரு மொழிகளையும் கேட்டு வளர்ந்த நாம், பள்ளிப் பிள்ளைகள் ஓடியாடாது அமர்ந்தே பொழுது கழிப்பது ஏன் என்று வினவுங்கால், உடனே கைப்பேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றோம். அக்கருவிக்காக வழக்காட யாம் முன்வரவில்லை. ஆயினும் அது பிள்ளைகளின் கைக்கு எட்டுமுன்னரே அவர்தம் கால்களைக் கட்டிவைத்தோர் பெரியோரே என்பது எம் துணிபு.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, 5 முதல் 17 வரை அகவையுடையோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் நன்கு இயங்க வேண்டுமென்கின்றது. 2016-ஆம் ஆண்டளவில், உலகில் 11 முதல் 17 வரை அகவையுடைய மாணவருள் நூற்றுக்கு 81 பேர் போதிய அளவு இயங்கவில்லை என அந்நிறுவனத்தாரின் ஆய்வு காட்டிற்று.

நம் நகரத்துப் பிள்ளையொன்றின் ஒருநாளை எண்ணிப் பாருங்கள். காலையில் வேனிலோ ஆட்டோவிலோ நெருக்கியடித்து அமர்வு. பின்னர்ப் பள்ளிப் பெஞ்சியில் அமர்வு. மாலையில் டியூஷன் வீட்டுப் பாயில் அமர்வு. இரவில் வீட்டுப்பாடத்தின்முன் அமர்வு. இடையே உடற்கல்விக்கென ஒரு பாடவேளை உண்டு. சுவரில் ஒட்டிய கால அட்டவணையில் மட்டும் உண்டு. கணக்கு முடியவில்லையென்று கணக்காசிரியர் அதனைக் கடன் வாங்குவார், அறிவியலாசிரியரும் வாங்குவார், திருப்பிக் கொடுத்தவரை யாம் கண்டதில்லை. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அக்கடன் கேட்பதுமில்லை, தானே பறிபோகும். பெண்பிள்ளைகள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பருவமெய்திய பின் ஓடுதல் நாணமற்ற செயலெனத் தடுக்கப்படுவதால், மைதானம் உள்ள பள்ளியிலும் அவர்கள் அதன் ஓரத்து மரநிழலில் அமர்ந்து ஆண்பிள்ளைகளின் ஆட்டத்திற்குக் கைதட்டுகின்றனர்.

சட்டம் என் செய்கின்றது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டுமென விதித்துள்ளது. ஆனால் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்டால்தான் உடற்கல்விக்குப் பயிற்றுநர் வேண்டுமென்றும், அவரும் பகுதிநேரத்தவராயிருப்பின் போதுமென்றும் அதன் அட்டவணை கூறுகின்றது. நூற்றுக்குக் குறைந்த சிற்றூர்ப் பள்ளியின் பிள்ளைகளுக்கு உடல் இல்லை போலும்!

"விளையாடினால் மதிப்பெண் குறையும்" என்பது பெற்றோரின் அச்சம். வறிய குடும்பத்திற்கு மதிப்பெண்ணே ஏணியாதலின் அவ்வச்சத்தை எள்ளுதல் தகாது. எனினும் 1970-ஆம் ஆண்டுகளிற் கனடா நாட்டுக் கியூபெக் மாகாணத்தில், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 546 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்றைப் பெற்றோர் அறிதல் நலம். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் ஒரு மணி உடற்பயிற்சி கூட்டப்பட்டது. அந்நேரம் ஏனைப் பாடங்களிலிருந்தே எடுக்கப்பட்டது. அவ்வாறு பாடநேரம் குறைந்தும் அப்பிள்ளைகள் கல்வியில் பின்தங்கவில்லை.

தமிழ் பயிலும் எமக்கு மற்றொன்றும் தோன்றுகின்றது. பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர் குழந்தையை எந்நிலையிற் கண்டனர்? செங்கீரையில் அது தலை நிமிர்த்தி அசைந்தாடும். சப்பாணியிற் கை கொட்டும். வருகையில் தளர்நடை இட்டு வரும். ஆண்பிள்ளையாயின் சிற்றில் சிதைக்கும், சிறுபறை முழக்கும், சிறுதேர் உருட்டும். பெண்பிள்ளையாயின் அம்மானை ஆடும், நீராடும், ஊசலாடும். பத்துப் பருவங்களுள் ஒன்றேனும் ஏட்டின்முன் அசையாது இருக்கும் பருவம் அன்று. நம் மறைநூலிலும் சகரியா தீர்க்கர், மீண்டும் வாழ்வு பெறும் எருசலேமைக் காட்டுமிடத்து, அதன் வீதிகள் நிறைய விளையாடும் சிறுவர் சிறுமியரையே அடையாளமாக வைத்தார். அமைதியாய் அமர்ந்திருக்கும் பிள்ளைகளை அல்லர்.

நம் மிஷன் மரபிற்கும் இது புதிதன்று. ஒய்.எம்.சி.ஏ. சார்பில் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர் சென்னையில் உடற்கல்வி ஆசிரியர்க்குப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது 1920-ஆம் ஆண்டிலாகும். நூறாண்டு கடந்த அம்மரபின் வழிவந்த நம் கல்லூரிக்கு யாம் ஒன்று விண்ணப்பிக்கின்றோம். நம் மைதானம் சனிக்கிழமைகளில் பெரும்பாலும் வெறுமையாய்க் கிடக்கின்றது. மதிற்சுவருக்கு அப்பாலுள்ள தொடக்கப்பள்ளிகளுக்கோ, கொடிக்கம்பம் நிற்கும் முற்றத்தையன்றி வேறிடம் இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணி முதல் பத்து மணி வரை அப்பிள்ளைகளுக்கு நம் வாயிலைத் திறந்துவிடலாகாதா? மேற்பார்வைக்கு எம் விடுதி மாணவர் முறைவைத்து வருவர். பந்துகளும் கயிறுகளும் வாங்க மாணவர் மன்றத்து நிதியே போதும். பெண்பிள்ளைகளுக்கெனத் தனியே ஒரு பகுதியும், அவர்களை ஆடப் பழக்க நம் கல்லூரி மகளிர் அணியினரும் வேண்டும். எஞ்சியது, முதல்வர் அவர்கள் வாயிற்காவலர்க்குச் சொல்லவேண்டிய ஒரு சொல்லே.