சுற்றுலாவுக்கு ஒரு வண்ணப்பெட்டி

இரண்டு மலை, நடுவே சூரியன், வளைந்தோடும் ஆறு, ஓரத்தில் குடிசையும் தென்னையும். மலையே பார்க்காத தஞ்சாவூர்ப் பிள்ளையும் வரைவது இதைத்தான். பார்த்து வரைய யார் கூட்டிப்போனார்கள்?

ஆங்கிலேயரான தாமஸ் டேனியலும் சகோதரர் மகன் வில்லியமும் 1792-இல் மதுரை, ராமேசுவரம், பாபநாசம் அருவி என்று சுற்றி வரைந்தார்கள். லண்டன் திரும்பி, 144 இந்தியக் காட்சிகளை அச்சிட்டார்கள். ஆங்கிலேய ஓவியர் டர்னரோ 1819-இல் நேப்பிள்ஸில் பெரும்பாலும் பென்சிலோடு நிறுத்திக்கொண்டார். வண்ணம் தீட்ட நேரமாகுமாம். மேதைக்கே அப்படி!

மாமல்லபுரத்துக் கடற்கரையில் நீர்வண்ணத்தோடு உட்கார்ந்தால் புரியும். ஈரக்காற்றில் வானத்து நீலம் லேசில் காயாது. பொறுமையிழந்து கோபுரத்தைத் தீட்டினால் பழுப்பு மேலே கசிந்து ஏறும். அலையின் நுரைக்கோ வண்ணமே கிடையாது, காகிதத்தின் வெள்ளையை விட்டுவைக்க வேண்டும். எதைத் தொடக்கூடாது என்று முதலிலேயே பார்த்து வைப்பதுதான் இதில் பாதி வேலை.

பள்ளிச் சுற்றுலாவில் செல்ஃபிக்குப் போகும் நேரத்தில் ஒரு மணியை இதற்கு ஒதுக்கலாம். வேண்டியது சின்ன வண்ணப்பெட்டி, ஒரு தூரிகை, தண்ணீர் பாட்டில். காகிதம் மட்டும் 300 ஜிஎஸ்எம் எடையுள்ள தடித்த தாளாக இருக்கட்டும். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் நனைந்தால் நெளிந்துவிடும்.