திக்லிப்பூருக்குக் கப்பலில் போங்கள்

குளிர்காலத்தில் அந்தமானுக்கு வரும் இளம் தம்பதிகள், ஸ்ரீவிஜயபுரம் ஆகிவிட்ட போர்ட் பிளேரில் கார் எடுத்து, 732 மீட்டர் உயர சேடில் பீக் மலையைப் பார்க்கத் திக்லிப்பூர் வரை ஓட்டிப்போக ஆசைப்படுகிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் ஜிர்காடாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காட்டுக்குள் ஓடுகிறது. போலீஸ் காவலுடன் வரிசையாகத்தான் போக வேண்டும்; நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்தச் சாலையின் சில பகுதிகளை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002இலேயே உத்தரவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. தீவுவாசி ஒருவர் நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போவது வேறு. அடுத்தவர் வீட்டு முற்றத்தின் வழியே நமக்கென்ன உல்லாசப் பயணம்? திக்லிப்பூரின் ஏரியல் பே துறைக்குக் கப்பல் உண்டு. நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.