தணிக்கையாளர் தேவைப்படாத நாடு

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அணுகுண்டு தயாரிப்பதற்காக இராக் ஒரு வகை அலுமினியக் குழாய்களை வாங்க முயன்றது என்று அன்றைய நியூயார்க் டைம்ஸ் நாளேடு முதல் பக்கத்தில் செய்தி வெளியிட்டது. அதைச் சொன்னவர்கள் பெயர் குறிப்பிடப்படாத அமெரிக்க அரசு அதிகாரிகள். அன்று காலையிலேயே துணை ஜனாதிபதி டிக் சேனி என்பிசி தொலைக்காட்சியில் தோன்றி, அதே செய்தியைத் தனது வாதத்துக்குச் சான்றாகக் காட்டினார். அரசு பத்திரிகையின் காதில் ஓதியது. பத்திரிகை அதை ஊருக்குச் சொன்னது. பத்திரிகையே சொல்லிவிட்டது என்று அரசு அதையே எடுத்துக்காட்டியது.

2003 மார்ச் 20 அன்று இராக் மீதான படையெடுப்பு தொடங்கியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். பேரழிவு ஆயுதக் குவியல் எதுவும் கண்டெடுக்கப்படவில்லை. தனது செய்திகள் போதிய கண்டிப்புடன் சரிபார்க்கப்படவில்லை என்று 2004 மே 26 அன்று நியூயார்க் டைம்ஸ் ஒப்புக்கொண்டது. பொய் முதல் பக்கத்தில் வந்தது. வருத்தம் உள்பக்கத்தில் வந்தது.

2003 செப்டம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்ட கருத்துக்கணிப்பில், 2001 செப்டம்பர் 11 தாக்குதலில் சதாம் உசேனுக்குப் பங்கு இருந்திருக்கக்கூடும் என்று அமெரிக்கர்களில் பத்துக்கு ஏழு பேர் நம்புவதாகத் தெரிந்தது. அந்நாட்டில் பத்திரிகைச் சுதந்திரத்தை 1791 முதல் அரசியலமைப்புச் சட்டம் பாதுகாக்கிறது. அச்சாவதற்கு முன் செய்தியைப் படித்துப் பார்த்து வெட்டும் அதிகாரி எவரும் அங்கு இல்லை. அவ்வாறாயின் இத்தனை கோடி மக்கள் ஒரே பொய்யை நம்பியது எப்படி?

உண்மை அன்று கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நைட் ரிடர் என்னும் நாளேட்டு நிறுவனத்தின் செய்தியாளர்கள் அமைச்சர்களை விட்டுவிட்டு, உளவுத்துறையின் நடுநிலை அதிகாரிகளையும் துறை வல்லுநர்களையும் விசாரித்தார்கள். அரசின் வாதம் ஆட்டம் காண்கிறது என்று அப்போதே எழுதினார்கள். ஆனால் அந்நிறுவனத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க் நகரிலோ நாளேடு இல்லை. அவர்களது செய்தி ஆட்சியாளர்களின் காலை மேசையை எட்டவில்லை. 2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் மக்கள் போருக்கு எதிராக வீதிக்கு வந்தனர். அதே மாத இறுதியில் எம்எஸ்என்பிசி தொலைக்காட்சி, போரை எதிர்த்துப் பேசிய ஃபில் டோனஹியூவின் நிகழ்ச்சியை நிறுத்தியது. அந்தத் தொலைக்காட்சியில் மிகுதியாகப் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுவே. மற்றவர்கள் தேசியக் கொடியை அசைக்கும் நேரத்தில் நமது நிலையம் போர் எதிர்ப்பாளர்களின் புகலிடமாகிவிடுமோ என்ற அச்சம் நிறுவனத்தின் உள் அறிக்கையில் இருந்தது பின்னர் வெளியாயிற்று. அன்று என்பிசி குழுமத்தின் உரிமையாளர், போர் விமானங்களுக்கு எஞ்சின் செய்யும் ஜெனரல் எலக்ட்ரிக்.

தணிக்கையாளர் ஏன் தேவைப்படவில்லை என்பதற்கான விடை இதில் இருக்கிறது. உரிமையாளரின் நலன், விளம்பர வருவாய், அதிகாரிகளின் தயவில் கிடைக்கும் செய்தி ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. எதை எழுதினால் கதவு மூடப்படும் என்பதைச் செய்தியாளர் அறிந்துகொள்ள அதிக நாள் ஆவதில்லை.

இன்று இந்தப் பிடி மேலும் இறுகியிருக்கிறது. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் 2013இல் 25 கோடி டாலருக்கு வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டை வாங்கினார். அமேசான் அமெரிக்க அரசிடமிருந்து பெரும் ஒப்பந்தங்களைப் பெறும் நிறுவனம். 2024 ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, கமலா ஹாரிஸை ஆதரித்து எழுதப்பட்டிருந்த தலையங்கம் வெளிவராமல் தடுக்கப்பட்டது. கொதித்தெழுந்த வாசகர்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சந்தாவை ரத்து செய்தனர். 2025 பிப்ரவரியில், கருத்துப் பக்கங்கள் இனித் தனிமனிதச் சுதந்திரத்தையும் தடையற்ற சந்தையையும் ஆதரித்தே எழுதும் என்று பெசோஸ் அறிவித்தார். அதே ஆண்டு ஜூலையில், டிரம்ப் தொடுத்த வழக்கை முடித்துக்கொள்ள சிபிஎஸ் தொலைக்காட்சியின் தாய் நிறுவனமான பாரமவுண்ட் 1.6 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சில வாரங்களுக்குள், அந்நிறுவனம் காத்திருந்த இணைப்புக்கு அரசு ஆணையத்தின் அனுமதி கிடைத்தது.

பத்திரிகைகளை மக்களின் எதிரி என்று டிரம்ப் ஏசுவதைக் கேட்டு, அவரும் நாமும் ஒன்றையே சொல்வதாக எவரும் மயங்க வேண்டாம். ஊடகத்தின் உடைமை முதலாளிகளிடம் இருப்பது அவருக்குக் குறையே அல்ல. அந்த முதலாளிகள் தமக்குப் பணியவில்லை என்பதே அவரது குறை. தேர்தலில் மோசடி நடந்ததாக அவர் தரப்பு பரப்பிய பொய்யை ஒளிபரப்பியதற்காக 2023இல் 78 கோடியே 75 லட்சம் டாலர் தர நேர்ந்தது ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சிக்குத்தான்.

அமெரிக்கச் செய்தி அனைத்தும் பொய் என்று ஒதுக்குவதும் தவறு. வியட்நாமின் மை லாய் கிராமத்தில் நடந்த படுகொலையை 1969இல் வெளிக்கொணர்ந்தவர் சீமோர் ஹெர்ஷ் என்னும் அமெரிக்கச் செய்தியாளர். பெரிய இதழ்கள் ஏற்க மறுத்த அந்தக் கட்டுரையைச் சிறியதொரு செய்தி நிறுவனமே நாளேடுகளுக்கு விநியோகித்தது. பெண்டகன் ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் துணிந்து வெளியிட்ட 1971இல், போர் எதிர்ப்பு இயக்கம் அந்நாட்டின் வீதிகளையும் பல்கலைக்கழகங்களையும் ஏற்கெனவே நிறைத்திருந்தது. மக்கள் இயக்கம் வலுக்கும்போது பத்திரிகையின் குரலும் மாறுகிறது. காஸா மீதான இஸ்ரேலின் தாக்குதலை 2023 நவம்பரில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் ஆதரித்தனர். 2025 ஜூலையில் அது 32 சதவீதமாகக் குறைந்தது என்கிறது கேலப் நிறுவனத்தின் கணிப்பு. பாலஸ்தீனச் செய்தியாளர்கள் உயிரைக் கொடுத்து அனுப்பிய காட்சிகளுக்கும், அமெரிக்க மாணவர்களின் போராட்டத்துக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

இது ஏதோ தொலைதூரத்து விவகாரம் அன்று. 2023 ஆகஸ்ட் 5 அன்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட நீண்ட கட்டுரை ஒன்றில் நியூஸ்கிளிக் இணைய இதழைப் பற்றியும் சில வரிகள் இருந்தன. அடுத்த சில நாள்களில் பாஜகவினர் அதை நாடாளுமன்றத்திலேயே ஆயுதமாக்கினர். அக்டோபர் 3 அன்று ஏராளமான பத்திரிகையாளர்களின் வீடுகளில் தில்லி போலீஸ் சோதனையிட்டது. ஆசிரியர் பிரபீர் புர்காயஸ்தா உபா சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்தக் கைது செல்லாது என்று 2024 மே 15 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை, ஏழு மாதங்களுக்கு மேல் அவர் சிறையில் இருந்தார். சேனி அன்று செய்த வித்தையை இங்குள்ள ஆட்சியாளர்களும் கற்றிருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும்போது, அதிகாரிகள் தெரிவித்தனர் என்ற தொடரை நாம் நாள்தோறும் எழுத நேர்கிறது. எந்த அதிகாரி, யாருடைய நலனுக்காக, ஏன் இன்று தெரிவிக்கிறார் என்று கேட்காமல் அந்தத் தொடரைக் கடந்து செல்லலாகாது. மொழிபெயர்ப்பவருக்கு மட்டுமன்றி, கிளைக் கூட்டத்தில் செய்தியை விளக்கும் தோழருக்கும் இது பொருந்தும். நமக்கு உகந்த செய்தி என்பதற்காகச் சரிபார்க்காமல் கைப்பேசியில் பரப்பும் பழக்கத்தையும் கைவிட வேண்டும்.

பெசோஸின் பணத்தில் நடக்கும் ஏடு பெசோஸுக்குப் பதில் சொல்கிறது. தோழர்களின் சந்தாவில் நடக்கும் ஏடு தோழர்களுக்கே பதில் சொல்லக் கடமைப்பட்டது. சந்தா சேர்ப்பை ஆண்டுக்கொரு முறை வரும் சடங்காகக் கருதாமல், கருத்துப் போராட்டத்தின் அன்றாடப் பணியாகக் கொள்வோம். நமது இதழில் பிழை கண்டால், அதையும் தயங்காமல் எழுதி அனுப்புங்கள். அந்தத் திருத்தம் உள்பக்கத்தில் ஒளிக்கப்படாது.