அரிசிப் பையும் கமராவும்

2004 டிசம்பர் 26க்குப் பிறகு எமது உப்புவெளிக் கரைக்கு நிவாரண லொறிகள் வந்தன. கூடவே கமராக்களும் வந்தன. 2006இல் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த குடும்பங்களுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பையைக் கொடுப்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம். படம் எடுத்து முடியும்வரை இருவரும் அசையக்கூடாது. சொந்த வயல் நெல்லை மூட்டை மூட்டையாக விற்ற கமக்காரனை, ஒரு பை அரிசிக்காகச் சிரிக்கச் சொல்வார்கள்.

பிறரைக் குறைசொல்ல முன் எம்மைச் சொல்லிவிடுகிறோம். எமது அறிக்கைகளிலும் அத்தகைய படங்கள் வந்தன. உதவியோருக்கு ஆதாரம் வேண்டுமாம். ஆதாரத்துக்குப் பற்றுச்சீட்டும் கையொப்பமும் போதுமே! முகம் தேவைப்பட்டது, அடுத்த முறை நிதி கேட்பதற்கு. 1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் வகுத்த நடத்தை நெறியின் பத்தாவது விதி, பாதிக்கப்பட்டோரை மாண்புள்ள மனிதராகவே காட்டவேண்டும் என்கிறது. அது தெரிந்துதான் செய்தோம்.

அதற்காகக் கமராவே வேண்டாம் என்று சொல்லத் திருகோணமலையில் எவருக்கும் மனம் வராது. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. சுடர் ஒளி செய்தியாளர் சுகிர்தராஜன் எடுத்த படங்களில் துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் தெரிந்தன. கைக்குண்டுக் கதை எடுபடவில்லை. அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட அவரும் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் நீதிமன்றம் 2019இல் விடுவித்தது.

பிள்ளைகளின் உடலைப் படம் எடுப்பது, வரிசையில் நிற்பவரை எடுப்பதைவிடக் கொடுமையாகத் தோன்றலாம். எமக்கும் ஒருகாலம் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்தப் படம் பேசமுடியாதவர்களுக்காகப் பேசியது. எமது படங்கள் எமக்காகவே பேசின.

இப்போது கைத்தொலைபேசி உள்ள எல்லோரும் படப்பிடிப்பாளர்தான். வெள்ளமோ வரட்சியோ வந்து மீண்டும் வரிசையில் நிற்க நேர்ந்தால், படம் எடுப்பவரிடம் கேளுங்கள்: இதை எங்கே போடப்போகிறீர்கள், யாருக்குக் காட்டப்போகிறீர்கள்? விருப்பமில்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். அதற்காக அரிசி நிற்கக்கூடாது. எமது ஊழியர் எவராவது நிறுத்தினால், நேரே எம்மிடம் வந்து சொல்லுங்கள்.