பெட்டி நிறைய வர்ணம்

பிச்சாவரத்துக்குப் படம் எழுதப் போகிற நம்மவர்கள் காட்டைப் பார்ப்பதற்கு முன்பே பெட்டியைத் திறந்துவிடுகிறார்கள். 24 வில்லைகள். சுரபுன்னைக்கு ஒரு தயார்ப் பச்சை, உப்பங்கழிக்கு ஒரு தயார் நீலம். விளைவு, பொங்கல் வாழ்த்து அட்டை.

சொன்னால், நிறத்தைக் குறைப்பது ஏழ்மை என்று பதில் வருகிறது. யாருடைய ஏழ்மை? சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சன்னதி முன்மண்டபத்து விதானத்தை அண்ணாந்து பார்க்கட்டும். 17ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்துக் கைகள், செங்காவியை முன்நிறுத்தி, விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்களிலேயே பிட்சாடனரைக் கொண்டுவந்துவிட்டன. 1969இல் காந்தியை வரைய ஆதிமூலத்துக்குக் கறுப்பு ஒன்றே போதுமானதாக இருந்தது.

நீர்வர்ணத்தில் விஷயம் இன்னும் கறார். அங்கே காகிதம்தான் வெளிச்சம். ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்தாறு நிறம் ஏறினால் அது செத்துப்போய்ச் சேறு மிஞ்சும். அல்ட்ராமரீன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் மட்டும் கலந்து பாருங்கள். தேவனாம்பட்டினத்து மழைக்கால வானத்தின் சாம்பலும் ஈரமணலின் பழுப்பும் ஒரே ரத்தமாக வரும். மஞ்சள் காவி சேர்ந்தால் கழியோரத்து மங்கிய பச்சையும் கிடைக்கும்.

இதையே 'மூன்று நிறம் போதும்' என்று சூத்திரமாக்குகிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. இந்த மூன்றில் கத்தரிப்பூ ஊதா பிறக்காது. அது வேண்டுமென்றால் பழுப்பை எடுத்துவிட்டு வேறு சிவப்பு வைக்கத்தான் வேண்டும். எதை விடுவது என்பதை எதிரே இருக்கும் பொருள் சொல்ல வேண்டும்.

விடத் தெரியாதவன் இன்னும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். கவிதையில் அடைமொழி அடுக்குகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.