எந்தக் குடும்பத்துக்குப் பூங்கா?

உத்தமபாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டுப்பாருங்கள். எல்லோரிடமிருந்தும் ஒரே பட்டியல்தான் வரும். வைகை அணைப் பூங்கா, சுருளி அருவி, லோயர்கேம்பில் பென்னிகுவிக் மணிமண்டபம், வண்டி வசதி இருந்தால் மேகமலை. குறை சொல்ல ஒன்றுமில்லை. பள்ளிச் சுற்றுலா என்றாலே வைகை அணை என்றிருந்த தலைமுறை என்னுடையது. ஆனால் இதில் எதற்கும் நடந்து போக முடியாது. அணைக்கு 40 கிலோமீட்டருக்கு மேல். பஸ் மாற வேண்டும், நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், பிள்ளை கை நீட்டும் பஜ்ஜிக்கும் ஐஸுக்கும் காசு வேண்டும். விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, கம்பம் மெட்டு வழியாகவும் குமுளி வழியாகவும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாய்ந்து திரும்பும் பெண்களுக்கு இந்தப் பட்டியல் எத்தனை ஞாயிறு உதவும்?

எனவே கேள்வியைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கேட்போம். சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தே போய், பிள்ளையை ஊஞ்சலில் விட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார, கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு தலித் குடும்பத்துக்கு எந்த இடம் இருக்கிறது?

திறந்தவெளிக்கு இங்கே பஞ்சமில்லை. ஊர்தோறும் மந்தை இருக்கிறது, சாவடி இருக்கிறது, கோயில் திடல் இருக்கிறது, முல்லைப் பெரியாற்றங்கரை இருக்கிறது. ஆய்வுக்காக இப்பகுதி ஊர்களில் அலைந்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஓர் ஊரின் சாதி வரைபடத்தை அறிய வீடு வீடாகப் போகத் தேவையில்லை. யார் எங்கே சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மந்தை வழியாகச் சேரி ஆள் போகலாம். மூட்டை சுமந்து போகலாம், சாவுக்குச் சொல்லப் போகலாம், கொட்டடிக்கப் போகலாம். வேலையாகப் போகலாம், வேலையில்லாமல் நிற்கக் கூடாது. நின்றால் "என்னடா இங்க?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரல் வராத இடத்தைத்தான் நான் பொது இடம் என்பேன். சாவடி அப்படிப்பட்டதல்ல, அதற்குச் சொந்தக்காரச் சாதி உண்டு. கல்யாண மண்டபங்களின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டே போனால் மீதியும் விளங்கிவிடும்.

சேரிக்குள் இடமிருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. அப்படி எடுத்த நிலத்தை இரண்டு சென்ட், மூன்று சென்ட் என்று வெட்டி வீட்டுமனைப் பட்டாவாகக் கொடுத்தார்கள். பட்டா கிடைத்ததே பெரிது என்ற நிலையில் கொடுத்தது. நான் பார்த்த குடியிருப்புகளில் பிள்ளைகள் விளையாட ஒரு துண்டு நிலம் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. தெருதான் விளையாட்டுத்திடல், சாக்கடை மூடிதான் ஸ்டம்பு. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்ததை வரவேற்கிறேன். பெயர் போனபின் அந்தத் தெருவுக்கு ஓர் ஊஞ்சல் வருமா என்பதையும் சேர்த்தே கேட்கிறேன்.

பேரூராட்சிப் பூங்காவுக்கு இந்தச் சூழலில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. அது யாருடைய முன்னோரும் கட்டியதல்ல. அதற்குக் குலதெய்வம் கிடையாது, முதல் மரியாதை கிடையாது, பரிவட்டம் கிடையாது. நம் ஊர்களில் சாதிக்கு முன்கதை இல்லாத திறந்தவெளி அநேகமாக அது ஒன்றுதான்.

இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை மாகாண சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றிய தீர்மானத்தை நாம் தெருவில் நடக்கும் உரிமை என்றே நினைவில் வைத்திருக்கிறோம். அதில் கிணறு, குளம், அரசு அலுவலகம் ஆகியவற்றோடு, மக்கள் கூடும் பொது இடங்களும் இருந்தன. அரசியலமைப்பின் பிரிவு 15(2) அதே வரிசையை எடுத்துக்கொண்டது: கிணறு, குளம், படித்துறை, சாலை, பிறகு அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் பொது இடங்கள். பூங்காவை அழகுபடுத்தும் திட்டம் என்று பேரூராட்சி நினைக்கலாம். நாம் அதைப் பிரிவு 15 என்றுதான் படிக்க வேண்டும்.

பகிர்ந்துகொள்வதைவிட இல்லாமலே ஆக்கிவிடுவது மேல் என்று ஆதிக்கம் நினைக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் உதாரணம் உண்டு. அலபாமாவின் மாண்ட்கோமரி நகரில் ஜார்ஜியா கில்மோர் என்ற கறுப்பினச் சமையல்காரர், பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டத்துக்குச் சமைத்து விற்று நிதி திரட்டியவர். 1957இல் அவர் மகன் வெள்ளையர்களுக்கான பூங்கா வழியாகக் குறுக்கே நடந்ததற்காகப் போலீசிடம் அடி வாங்கினார். குடும்பம் வழக்குப் போட்டது. நகர நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? 1959இல் நகரின் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல் குளத்தில் மண்ணைக் கொட்டியது, விலங்குகளை விற்றது. 1965 வரை வெள்ளைக் குழந்தைகளுக்கும் பூங்கா இல்லை.

நம்மிடம் அவ்வளவு வெளிப்படையான ஏற்பாடு தேவைப்படாது. பூங்காவை எங்கே வைப்பது என்பதிலேயே காரியம் முடிந்துவிடும். சேரியிலிருந்து அங்கே போக எந்தத் தெருவைக் கடக்க வேண்டும்? எட்டு வயதுப் பெண் குழந்தை துணையில்லாமல் அந்தத் தெருவைக் கடக்குமா? எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள்? தோட்ட வேலை முடிந்து வரும் தாய்க்கு அந்த நேரம் எட்டுமா? தடை என்று ஒரு பலகை எங்கும் இருக்காது. யாரும் வந்திருக்கவும் மாட்டார்கள்.

அடுத்தது 'குடும்பத்துடன்' என்ற சொல். நல்ல பூங்காவுக்கு நாம் கொடுக்கும் முதல் சான்றிதழே 'குடும்பத்தோடு போகலாம்' என்பதுதான். குடித்துவிட்டு வம்பு செய்பவன் இல்லை, விளக்கு எரிகிறது, பெண்கள் உட்காரலாம் என்பது அதன் ஒரு பொருள். அதில் எனக்கு முழு உடன்பாடு. இன்னொரு பொருளும் உண்டு: ஜோடிகள் இல்லை. காவலாளி தடியால் பெஞ்சைத் தட்டி எழுப்புவது யாரை? அடையாள அட்டை கேட்பது யாரிடம்? பிப்ரவரி 14 வந்தால் தாலிக் கயிற்றோடு பூங்கா வாசலில் நிற்கிற இந்துத்துவக் கூட்டம் யாரைத் தேடி வருகிறது?

அகமணம்தான் சாதியின் சாரம் என்று அம்பேத்கர் 1916இல், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருக்கும்போதே வாசித்த கட்டுரையில் சொல்லிவிட்டார். அந்த அகமணத்தை நாள்தோறும் நடத்திக்கொடுக்கும் நிறுவனத்துக்குத்தான் குடும்பம் என்று பெயர். வேறு சாதிப் பையனோடு பேசும் பெண்ணுக்கு வீட்டில் இடமில்லை, தெருவில் இடமில்லை, ஆளுக்கு ஆள் தெரிந்த சின்ன ஊரில் டீக்கடையிலும் இடமில்லை. அவர்களுக்கு மிஞ்சுவது பஸ் ஸ்டாண்டும் பூங்காவும். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், பேருந்து நிலையம் அருகே, கௌசல்யாவின் கண்முன்னே சங்கரை வெட்டினார்கள். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பொது இடம் என்பதால் மட்டும் ஓர் இடம் யாரையும் காப்பாற்றிவிடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் இளையோர் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிச் சிரிக்கும் பெஞ்சுகளைப் பறித்துக்கொண்டு சாதி மறுப்புத் திருமணங்களை வாழ்த்துவது எனக்குப் பொய்யாகப்படுகிறது. குடும்பங்கள் வரட்டும். இன்னும் குடும்பம் ஆகாதவர்களும் உட்காரட்டும்.

இரட்டைக்குவளையும் மலக்குழி மரணமும் இருக்கும்போது ஊஞ்சலைப் பற்றி எழுதுகிறாயே என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். இதே கேள்வியை வேறு ஆட்கள் மாயாவதியிடமும் கேட்டார்கள். 2008இல் லக்னோவிலும் 2011இல் நொய்டாவிலும் அவர் பூங்காக்களைத் திறந்தபோது, வெட்டிச் செலவு என்று பத்திரிகைகள் எழுதித் தீர்த்தன. சிலைகளின் எண்ணிக்கை பற்றி எனக்கும் ஒரு கருத்து உண்டு. அது வேறு கட்டுரை. அங்கே தலித் குடும்பங்கள் யாருக்கும் பதில் சொல்லாமல் புல்லில் கால் நீட்டி உட்கார்ந்ததைச் செலவுக் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதுவது? ஓய்வு என்பதே நமக்கு ஆடம்பரம் என்று சொல்லிக்கொடுத்தது யார்?

பணமில்லை, நிலமில்லை என்று பேரூராட்சி சொன்னால் நம்பாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலத்தைச் சுற்றி மனைக்கற்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பத்து சதவீத நிலத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் ஒதுக்கி, தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலம் பிறகு என்ன ஆகிறது என்பதுதான் விசயம். முதலில் ஒரு பிள்ளையார் வருவார். அடுத்த வருசம் தகரக் கொட்டகை. அதற்கடுத்த வருசம் விழாக் கமிட்டி. கமிட்டியில் யார் என்று பார்த்தால் பழைய சாவடி புது முகவரியில் உட்கார்ந்திருக்கும். பூங்கா உள்ளிட்ட பொது இடங்களில் அனுமதியின்றி எந்த மதத்தின் வழிபாட்டுத்தலமும் கட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பர் 29 அன்றே உத்தரவிட்டிருக்கிறது.

இந்த வாரமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் பேரூராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு. எல்லைக்குள் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவுகள் எவை. ஒவ்வொன்றிலும் பூங்காவுக்கு ஒதுக்கிய நிலத்தின் சர்வே எண், பரப்பு, தானப்பத்திர எண் என்ன. அந்த நிலத்தில் இன்று என்ன இருக்கிறது. வரைபட நகலையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் வரைபடத்தை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊர்ச் சேரியிலிருந்து அந்த நிலத்துக்கு நடந்து பாருங்கள்.